குத்தூசி வாங்க ஓர் ஆள்

தம்பி,

உறையின் மேல் கிடக்கும் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது யார் எழுதியது என்று நீ கொஞ்சம் யோசித்திருப்பாய். நான்தான். வழக்கமாக நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவாள். நான் சொல்வதில் பாதியை விட்டுவிட்டு, தன்னுடைய கதையில் பாதியைச் சேர்த்து உனக்கு அனுப்புவாள் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை அவளைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல முடியாது. இது அவளைப் பற்றிய கடிதம். அதனால் என் கையாலேயே எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரே இருப்பில் எழுதி முடிக்க எனக்கு ஏலாது. மாடு கத்தும், உலை கொதிக்கும், அப்பா தேத்தண்ணி கேட்பார். இடையில் மையின் நிறம் மாறியிருந்தால் அதுதான் காரணம். பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று நான் போகிற வகுப்பின் ரீச்சர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையோடு பிழையாகக் கதைத்தால் என்ன குறைந்துவிடும்?

நீ ஆனி மாதம் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். தங்கச்சி பெரியபிள்ளையாகித் தண்ணி வார்த்த செய்தி கிடைத்தது, சந்தோசம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, அவள் பள்ளிக்கூடம் போனது போதும், எழுத வாசிக்கத் தெரியும்தானே, இனி அம்மாவுக்கு உதவியாக வீட்டில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். தையில் உனக்குக் கலியாணம். பெண் வீட்டார் பழைய ஆட்கள், பெரியபிள்ளை ஒருத்தி வாய்க்கால் தெருவில் சைக்கிள் ஓடித் திரிகிறாள் என்று கேள்விப்பட்டால் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். காட்டுக்குக் குடிவந்துவிட்டோம் என்பதற்காக எங்கள் பண்பாட்டைக் காட்டில் விட்டுவிட முடியாது என்று ஒரு வசனம் வேறு. அந்த வசனம் அப்பாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. வயலுக்குப் போகும் வழியில் இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறார். அடுத்த நாளிலிருந்து தங்கச்சி பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் திரும்பப் போவாளா, இல்லையா என்பதுதான் அன்றைக்குத் தொடக்கம் இந்த வீட்டில் இருந்த ஒரே கதை. ஆனால் அந்தக் கதையை வாய்விட்டுக் கதைக்கத்தான் ஒருவருக்கும் கனநாளாகத் துணிவு வரவில்லை.

நான் வளர்ந்தோர் வகுப்புக்குப் போவது பற்றி அவள் உனக்கு எழுதியிருப்பாள். கேலி பண்ணித்தான் எழுதியிருப்பாள். பின்னேரம் இரண்டு மணிக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். நெல்லுச் சாக்கும் மண்ணெண்ணெயும் மணக்கும். சாக்கை விரித்து அதன் மேல் இருப்போம். முதல் கிழமை ரீச்சர் எங்களுக்குப் புத்தகம் தரவில்லை. சுற்றியிருந்த பெட்டிகளிலும் சாக்குகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். சீனி, கோதுமை மா, உரம் என்று நாங்கள் சத்தம் போட்டு வாசிக்க, கடை மனேச்சர் தன்னுடைய சாமானெல்லாம் ஏலத்துக்குப் போகுது என்று பயந்து எட்டிப் பார்த்தார். ரீச்சர் உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூடியவராக இருக்கலாம். ஊரிலிருந்து தனியாக வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறார். நாங்கள் கொண்டையை அவிழ்த்து முடிகிற பிராயத்துப் பெண்கள், அவர் முன்னால் நகம் கடித்துக்கொண்டு இருக்கிறோம். நீ வந்து பார்த்தால் சிரிப்பாய். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான் என்பதால் எனக்கு வகுப்பில் கொஞ்சம் பவுசு. ஆனால் எழுதப் போனால் எழுத்துக் கோணும். வாசிப்பு எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது, எழுத்துத்தான் கைவிட்டுப் போயிருந்தது.

ஒரு நாள் எழுத்தெல்லாம் வைத்துவிட்டுச் சும்மா கதைப்போம் என்றார் ரீச்சர். பண்பாடு என்றால் என்ன என்று கேட்டார். உன் கடிதம் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. யாரோ சொல்லித்தான் கேட்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நான் ஒருவருக்கும் மூச்சும் விட்டிருக்கவில்லை. ஒருத்தி, பெரியவர்களுக்கு முன்னால் கதிரையில் இருக்கக் கூடாது என்றாள். ஒருத்தி, வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி, பெண்பிள்ளையை அடக்க ஒடுக்கமாக வளர்க்க வேண்டும் என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். ரீச்சர் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார். எழுதி முடித்துத் திரும்பி, இங்கே யாராவது சிறைக்குப் போய் மறியலில் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். பூமணியைப் பார்த்துச் சிரித்தோம். எங்களுக்கு இரண்டு காணி தள்ளி இருக்கிறாள், நீ கடைசியாக வந்தபோது உனக்குத் தயிர் கொண்டுவந்து தந்தவள். அவளுடைய மனுசன் காட்டில் முதிரை மரம் தறித்துப் பிடிபட்டு மறியலுக்குப் போனவர். பூமணிக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னாள்:

“மறியலுக்குப் போனது அவர்தான் ரீச்சர். ஆனால் எப்ப விடுவினம் எண்டு அவருக்கு நாள் சொல்லிப் போட்டுத்தான் உள்ளுக்கு விட்டவை. நான் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள்ளை இருக்கேக்கை எனக்கு ஒருத்தரும் நாள் சொல்லேல்லை.”

சிரிப்பு நின்றுவிட்டது. மறியல் என்ற சொல்லை எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் அதுவரை ஒருவரும் வைத்துப் பார்த்ததில்லை. அப்படி வைக்கலாமா, கூடாதா என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி மெல்ல, எங்கள் தாய் தகப்பன் எங்களை வருத்தவில்லையே என்றாள். அதுவும் உண்மைதான். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சாக்கின் மேல் இருந்து சொன்னேன். அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

எங்கள் பழைய ஊர் வேலிகளை உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு படித்த காலம் முழுக்க மாமி வீட்டில் இருந்தவன் நீ. தெருவால் போகிறவனுக்கு உள்ளே ஆடு நிற்கிறதா, ஆள் நிற்கிறதா என்று தெரியாது. நான் பெரியபிள்ளையான நாளோடு என்னுடைய பள்ளிக்கூடம் முடிந்தது. அழுதேன். அம்மா எனக்கு உழுத்தங்களி கிண்டித் தந்தா. ஐயா சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கென்று எள்ளுருண்டை வாங்கி வந்து கையில் வைப்பார். ஒரு பேச்சு, ஒரு அடி கிடையாது. அடித்து வைத்திருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். அவ்வளவு அன்பாக வைத்திருந்தார்கள், யாரோடு கோபிப்பது? காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் கேட்கும். என்னோடு படித்தவர்களின் குரல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு பிறகு அந்தக் குரல்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவரவர் வேலிக்குள் அவரவர் போய்விட்டார்கள்.

வேலியில் சின்ன ஓட்டையாக ஒரு பொட்டு வைத்திருந்தேன். பின்னிய தென்னோலைக் கிடுகைக் கொஞ்சம் விலக்கினால் ஒரு கண் வைக்கலாம். தெருவில் ஒரு துண்டும், எதிர் வளவுப் பூவரசும் தெரியும். வருசத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஐயா பழைய கிடுகைக் களைந்துவிட்டுப் புதுக் கிடுகு வைத்து வேலி அடைப்பார். அந்த வேலையை ஒரு ஆளாகச் செய்ய முடியாது. வெளியே நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்தி உள்ளே விடுவார். உள்ளே ஒரு ஆள் நின்று அதை வாங்கி, குறுக்கே கட்டிய வரிச்சுத் தடியைச் சுற்றி, திரும்பவும் குத்தி வெளியே விட வேண்டும். அவர் இழுத்துக் கட்டுவார். எங்கள் வீட்டில் உள்ளே நின்று ஊசி வாங்கியவள் நான். ஒவ்வொரு வருசமும் என்னுடைய பொட்டு இருந்த இடம் வரும்போது ஊசியை வாங்கி நானே திருப்பிக் குத்தினேன். நல்லாய் இறுக்கி விடு பிள்ளை என்பார் ஐயா. நானும் இறுக்கித்தான் விட்டேன். கலியாணம் முடித்து அந்தப் படலையைத் தாண்டும் வரைக்கும் அதுதான் நடந்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பாதிப்பேர் ஊசி வாங்கியவர்கள்தான். ரீச்சர் கரும்பலகையில் எழுதியதை அழிக்கவில்லை. பண்பாடு என்று நீங்கள் சொன்னதில் எதை வைத்திருக்கலாம், எதை விடலாம் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்லை என்றார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதை ஒருவரும் விட மாட்டோம் என்று நான் சொன்னேன். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

அன்றைக்கு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு ரீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன். சின்னக் கேள்வி, கேட்க வெட்கமாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன கடைசி நாளில் எங்கள் வாத்தியார் மகாவலி ஆற்றைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அது மலையில் பிறந்து, எந்த எந்த ஊர்களைத் தொட்டு வருகிறது என்று சொல்லிக்கொண்டு வர, மணி அடித்துவிட்டது. எங்கே போய்க் கடலில் விழுகிறது என்பதை நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எனக்கு அந்த நாளை வரவில்லை. உன் அப்பாவிடம் கேட்டிருக்கலாம், உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது பள்ளிக்கூடத்தில்தான் தெரியவேண்டிய விசயம் என்று ஒரு வீம்பு. ரீச்சர் சாதாரணமாக, திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாவில் என்றார். அவ்வளவுதான். நான் இவ்வளவு காலம் நினைத்து வைத்திருந்ததற்கு அது இன்னும் பெரிய இடமாக இருந்திருக்கலாம் என்று பட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன், தம்பி. கண் கலங்கி, வாய்க்கால் மதகடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

நாங்கள் வவுனிக்குளத்துக்கு வந்த புதிதில் நீ சின்னப் பையன். தங்கச்சி என் இடுப்பில். ஊரை விட்டு யானைக் காட்டுக்குப் போகிறாளே என்று மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. இங்கே குடியேற வந்தவர்களுக்குக் காணி தந்தார்கள், சின்னதாகக் கல்வீடு தந்தார்கள், வேலி தரவில்லை. அப்பா பன்றி வராமல் இருக்க, முள்ளும் தடியுமாக அலம்பலை வெட்டிக் குத்தி ஒரு வேலி போட்டார். அதற்குள்ளால் எல்லாம் தெரியும். குசினியில் நின்றால் குளக்கட்டு தெரியும், பாலை மரத்தில் குரங்கு இருப்பது தெரியும், நீ பள்ளிக்கூடத்தால் சிலேட்டைச் சுழற்றிக்கொண்டு வருவது வாய்க்கால் வளைவிலேயே தெரியும். நீ வந்து சேரும்போது சோறு போட்டு வைத்திருப்பேன். எப்படி அம்மா நான் வாறது தெரியும் என்று கேட்பாய். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பேன். உண்மையில் அலம்பல் வேலிக்குத்தான் எல்லாம் தெரிந்தது.

இங்கே அப்போது ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. உன்னை ஊருக்கு மாமி வீட்டுக்கு அனுப்பிப் படிப்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நான்தான். அப்பாவுக்கு மனமில்லை. மாங்குளம் ரெயில் நிலையத்தில் நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ரெயில் போன பிறகு பஸ்ஸில் ஏறாமல் நிலையத்து மர வாங்கில் இருந்துவிட்டேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு நீ விடுமுறைக்கு வருவாய், போவாய். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் மரியாதையாக வருவாய். இப்போது கொழும்பிலிருந்து வரும்போது, எழும்பி நின்று கதிரை தருகிறாய். நல்ல பழக்கம்தான். ஆனால் எனக்கு அந்தச் சீலைத் தலைப்பைப் பிடித்த கைதான் வேண்டும். சில பின்னேரங்களில் வாய்க்கால் வளைவைப் பார்த்தால், சிலேட்டோடு நீ வருவாய் போலிருக்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ எழுதிய வசனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது இந்த வீட்டில் படித்ததில்லை. மாமி நல்லவ. உன்னைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தா. அவவுடைய வேலிக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண்பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள், நீ வெளியே போய்ப் படித்து வந்தாய், சாப்பாடு நேரத்துக்கு வந்தது. குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நீ எடுத்துக்கொண்டாய். அங்கே அனுப்பியவள் நான் என்பதால் உன் மேல் கோபிக்க எனக்குப் பெரிதாக இடமில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவும் மாட்டேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு அப்பா ஊருக்குப் போய் லொறியில் கிடுகு ஏற்றிக்கொண்டு வந்தார். வாய்க்கால் தெருப் பக்கத்து அலம்பலைப் பிடுங்கி, கிளுவந் தடிகளைக் கதியாலாக நட்டு, வரிச்சுக் கட்டினார். அடுத்த நாள் காலையில் வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். ஊசி வாங்க வரச் சொன்னார். நான் போனேன், தம்பி. மறியல், பண்பாடு என்று வகுப்பில் அவ்வளவு கதைத்தவள், ஒரு சொல்லும் சொல்லாமல் போய் நின்றேன். கை தன்பாட்டில் ஊசியை வாங்கியது, வரிச்சைச் சுற்றியது, திருப்பிக் குத்தியது. ஒரு வரிசை முடிந்து இரண்டாவது வரிசை வந்தபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தங்கச்சி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே அடுத்த கிடுகு எடுக்கப் போயிருந்த நேரம் வந்து என் கையில் இருந்த ஊசியை வாங்கினாள்.

“நீங்கள் போய் இருங்கோ அம்மா. உங்களுக்கு இடுப்பு ஏலாது. நான் வாங்கிக் குடுக்கிறன்.”

அவள் குரலில் ஒரு குத்தலும் இல்லை. என் இடுப்பு நோகக் கூடாது என்பதுதான் அவளுக்கு. நான் போய்த் திண்ணைக் குந்தில் இருந்தேன். அவள் நல்ல கெட்டிக்காரி. ஊசி வந்ததும் எடுத்து, சுற்றி, இறுக்கி, சரியான இடத்தில் திருப்பி விட்டாள். யாரும் காட்டிக்கொடுக்காத வேலை. எழும்பிப் போய் ஊசியைப் பறிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

வெளியே நின்ற அப்பாவுக்கு ஆள் மாறியது தெரியாது. கிடுகு மறைத்துக்கொண்டிருந்தது. என்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்தபடி, கொஞ்சம் தணிந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்.

“இஞ்சாரும், பிள்ளை என்ரை முகத்தைப் பாக்கிறாளில்லை. சோறு போட்டுத் தாறாள், கை கழுவத் தண்ணி தாறாள், முகத்தை மட்டும் பாக்கிறாளில்லை. என்னிலை கோவமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருமன்.”

தங்கச்சி கையில் இருந்த ஊசியைத் திருப்பிக் குத்தி வெளியே விட்டாள்.

“கோவமில்லை அப்பா” என்றாள்.

வெளியே கயிறு இழுபடவில்லை. அவள் உள்ளே கையை நீட்டியபடி காத்துக்கொண்டு நின்றாள். பிறகு, “ஊசியை விடுங்கோ அப்பா, வெயில் ஏறுது” என்றாள்.

ஊசி வரவில்லை. அப்பா அதை வரிச்சில் குத்திவிட்டுக் குளக்கட்டுப் பக்கம் நடந்து போனார். மத்தியானம்தான் வந்தார். அன்றைக்குத் தொடக்கம் அந்த வேலி அரைவாசியில் நிற்கிறது. ஒரு பக்கம் கிடுகு, மற்றப் பக்கம் வெறும் வரிச்சு. தெருவால் போகிறவர்கள், என்ன அண்ணை, கிடுகு போதாமல் போச்சோ என்று கேட்கிறார்கள். அப்பா ஓம் என்கிறார். கிடுகு பின்வளவில் அடுக்கியபடி கிடக்கிறது, நேற்று அதற்குள் கோழி முட்டையிட்டிருந்தது.

போன கிழமை நான் அப்பாவிடம் சொன்னேன். சண்டை பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத் தவணை திங்கட்கிழமை தொடங்குகிறது, பிள்ளையை நான் அனுப்பப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். தம்பி படித்தவன், அவன் யோசித்துத்தான் எழுதியிருப்பான், அவன் என்ன நினைப்பான் என்று கேட்டார். அவனுக்கு நான் எழுதுகிறேன், அவனும் நான் பெற்ற பிள்ளைதான் என்றேன். எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பின்வளவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். குமிழி எங்கே வருகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

ஆகவே, உன்னுடைய சம்மதம் கேட்டு நான் இதை எழுதவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பெண் வீட்டாருக்கு அது பிடிக்காவிட்டால் அந்தக் குறையை என் பெயரில் போட்டுவிடு. காடு பிடித்த மாமியார் என்று சொல்லட்டும், நான் தாங்குவேன். உனக்கு வரப்போகிற பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. அவவும் ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு பாடத்தின் நடுவில் எழும்பி வந்தவவாகத்தான் இருப்பா. வந்த புதிதில் அதைக் கேள். வீடு எப்படி, சமையல் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், நீர் விட்ட பாடம் எது என்று கேள். அப்பா நல்ல மனுசன், இந்த இருபத்தைந்து வருசத்தில் என்னை ஒரு நாளும் நோகச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அவரை இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதுவதா, விடுவதா என்று இரண்டு நாள் பேனையை மூடி வைத்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை.

உன் கடிதங்கள் வந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா உடைத்து, தங்கச்சியிடம் கொடுப்பார். அவள் நடுவீட்டில் கதிரையைப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, உன்னுடைய குரலில் வாசிப்பாள். நீ இழுக்கிற இடத்தில் இழுப்பாள், நீ மூக்கைத் தடவுகிற இடத்தில் மூக்கைத் தடவுவாள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நான் குசினியில் நின்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டால் நீ வந்திருக்கிறாய். நீ இல்லாத இத்தனை வருசமும் நான் அப்படித்தான் உன்னைக் கேட்டிருக்கிறேன்.

ஆனி மாதக் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். கதிரையைப் போட்டாள், தொண்டையைச் செருமினாள், உன் குரலில் தொடங்கினாள். தன்னைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு சொல்லையும் விடாமல், கடைசிக் கையெழுத்து வரைக்கும் வாசித்து முடித்து, மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து வெங்காயம் உரித்தாள். ஆனால் அந்த இடத்திலிருந்து அவள் வாசித்தது உன் குரல் இல்லை. அவளுடைய குரல்.

அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் அவள் வாசித்துத்தான் தந்தாள். நின்றபடி, அவளுடைய குரலிலேயே வாசித்தாள். எனக்கு இப்போது நானே வாசிக்கத் தெரியும். ஆனாலும் நீ இதற்குப் போடும் பதிலை உடைக்காமல் அவளிடம்தான் கொடுப்பேன். தம்பி, எனக்கு உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அவள் கதிரையை இழுத்துப் போடும்படியாக ஒரு கடிதம் எழுது.

அம்மா